கட்சி மாறினார், பதவியை விட்டார், அப்புறம்? சேலத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலம் ஐந்து ரோட்டிலும் சரி, ஏற்காடு ஒண்டிக்கடையிலும் சரி, தேர்தல் வாடை வீசத் தொடங்கினால் டீக்கடையில் முதல் பேச்சு இதுதான்: "அவரு அந்தப் பக்கம் போயிட்டாராமே?" போனவர் கட்சியை மட்டும் விட்டாரா, பதவியையும் விட்டாரா, விட்டதால் யாருக்கு லாபம், ஊருக்கு என்ன ஆகும் என்று பேச்சு நீளும். மன்றக் கூட்டங்களில் பார்வையாளர் வரிசையில் வருடக்கணக்கில் உட்கார்ந்து பழகியவன் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடமும் வரும். திரும்பத் திரும்ப வருகிறவற்றுக்கு இங்கே பதில்.

"ராஜினாமா பண்ணிட்டார்" என்று போட்டிருக்கிறார்கள். எதை ராஜினாமா செய்தார்?

கடிதம் யாருக்குப் போனது என்று பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். கட்சித் தலைமைக்குப் போயிருந்தால் அவர் விட்டது மாவட்டச் செயலாளர், ஒன்றியச் செயலாளர் போன்ற கட்சிப் பொறுப்பை. "அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உட்பட" என்று எழுதியிருந்தால் கட்சியையே விட்டிருக்கிறார். சட்டமன்றப் பேரவைத் தலைவருக்குப் போயிருந்தால்தான் எம்.எல்.ஏ. பதவி காலியாகும். மேயர் என்றால் கடிதம் மாநகராட்சி ஆணையருக்கு.

தலைப்புச் செய்தியில் எல்லாம் ஒரே 'பதவி விலகல்'தான். கட்சிப் பொறுப்பை விட்டவர் மறுநாள் சட்டமன்றத்தில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அதைப் பார்த்து "விலகினதா சொன்னாங்களே" என்று திகைப்பவர்கள் உண்டு. அவர் பொய் சொல்லவில்லை, நாம்தான் உறை மேல் இருந்த முகவரியைப் பார்க்கவில்லை.

எம்.எல்.ஏ. கட்சி மாறினால் பதவி போகிறது. எங்கள் வார்டு கவுன்சிலர் மாறினார், ஒன்றும் ஆகவில்லையே?

ஆகாது. கட்சித் தாவல் தடைச் சட்டம் என்று நாம் சொல்வது அரசியல் சாசனத்தின் பத்தாவது அட்டவணை. 1985-ல் 52-ஆவது திருத்தத்தில் வந்தது. நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களை மட்டும் கட்டுப்படுத்தும். மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி எதையும் அது தொடுவதில்லை. கேரளத்தில் உள்ளாட்சிக்கென்றே 1999-ல் தனிச் சட்டம் போட்டார்கள். அங்கே கட்சி மாறும் உறுப்பினரின் பதவியை மாநிலத் தேர்தல் ஆணையம் பறிக்க முடியும். தமிழ்நாட்டில் அப்படி ஒன்று இல்லை.

அதனால் எம்.எல்.ஏ. விலகுவதைத் தியாகம் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. விலகாவிட்டால் பறிபோகும், பறிபோவதற்கு முன் அவரே எழுதிக் கொடுக்கிறார், அவ்வளவே. சட்டம் நெருக்காதபோதும் ஒரு கவுன்சிலர் விலகினால் அதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. என் அனுபவத்தில் அது அபூர்வம். பெரும்பாலும் துண்டின் கரை மாறும், நாற்காலி அப்படியே இருக்கும்.

ஒருவர் விலகல் கடிதமே கொடுக்கவில்லை. அடுத்த கட்சி மேடையில் நின்றார். அது கட்சி மாறியதாக ஆகுமா?

ஆகும். சட்டத்தில் இருக்கும் சொல் 'தானாக முன்வந்து உறுப்பினர் பொறுப்பைத் துறத்தல்'. கடிதம் எழுதினால்தான் துறந்ததாக அர்த்தம் இல்லை, நடத்தையே போதும் என்று 1994-ல் ரவி நாயக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. சேர்வராயன் மலையின் வடபுறம் இறங்கினால் பாப்பிரெட்டிப்பட்டி, அதைத் தாண்டி அரூர். 2017 ஆகஸ்டில் முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமிக்கு ஆதரவில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்களில் இந்த இரண்டு தொகுதிக்காரர்களும் உண்டு. கட்சியை விட்டதாக அவர்கள் சொல்லவே இல்லை. "நாங்கள் கட்சியில்தான் இருக்கிறோம், முதல்வரைத்தான் மாற்றச் சொல்கிறோம்" என்பது அவர்கள் வாதம். பேரவைத் தலைவர் தனபால் செப்டம்பர் 18-ஆம் தேதி அவர்களில் 18 பேரைத் தகுதி நீக்கம் செய்தார். உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் இரு விதமாகத் தீர்ப்புச் சொல்ல, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் தகுதி நீக்கம் செல்லும் என்றார்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் கதை அரைகுறை. அதே 2017, பிப்ரவரி 18-ல் நம்பிக்கை வாக்கெடுப்பு. எடப்பாடித் தொகுதிக்காரர் முதலமைச்சராக நின்று வாக்கு கேட்கிறார், அடுத்த தொகுதியான மேட்டூரின் எம்.எல்.ஏ. செம்மலை, ஓ.பன்னீர்செல்வம் அணியில் நின்று அவரை எதிர்த்து வாக்களிக்கிறார். அந்த 11 பேரில் ஒருவர் பதவியும் போகவில்லை. ஆகஸ்டில் இரு அணியும் சேர்ந்துகொண்டன. ஆளுநருக்குக் கடிதம் கொடுத்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள், சபையிலேயே எதிர்த்து வாக்களித்தவர்கள் உள்ளே இருந்தார்கள். முடிவெடுக்கும் அதிகாரம் பேரவைத் தலைவரிடம் இருப்பதால் வந்த வினை இது. அவரும் ஒரு கட்சியின் சின்னத்தில் ஜெயித்து வந்தவர்தானே.

கட்சியே நீக்கிவிட்டால்? நீக்கப்பட்டவர் சுதந்திரமானவர்தானே?

அப்படித்தான் தோன்றும், சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1991-ல் அ.தி.மு.க. சார்பில் வென்ற ஜி.விஸ்வநாதன் 1994-ல் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார், பிறகு ம.தி.மு.க.வில் சேர்ந்தார், பதவி போனது. 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: எந்தக் கட்சி நிறுத்தி வென்றாரோ, நீக்கப்பட்ட பிறகும் அந்தக் கட்சிக்காரராகவே கருதப்படுவார், வேறு கட்சியில் சேர்ந்தால் தாவியவர் ஆவார். வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர் பக்கத்து வீட்டில் படுத்தாலும் குற்றம் என்பது போல இருக்கிறதே என்று கேட்டால், ஆமாம், அப்படித்தான் இருக்கிறது.

செங்கோட்டையன் விஷயத்தில் நடந்ததை இதோடு வைத்துப் பாருங்கள். 2025 அக்டோபர் கடைசியில் அ.தி.மு.க. அவரை நீக்கியது. நவம்பர் 26-ல் கோபிசெட்டிபாளையம் எம்.எல்.ஏ. பதவியை விட்டார். 27-ல் த.வெ.க.வில் சேர்ந்தார். நீக்கப்பட்டவர் ஏன் ராஜினாமா செய்ய வேண்டும் என்று அன்று கேட்டவர்களுக்கு விடை 1996 தீர்ப்பில் இருக்கிறது. முதல் நாள் ராஜினாமா, மறுநாள் சால்வை. வரிசை மாறினால் வழக்கு வரும்.

நம் மாவட்டத்தில் 2025-ல் பா.ம.க. இரண்டு பக்கமாக இழுபட்டபோது சேலம் மேற்கு எம்.எல்.ஏ. அருள் நின்றது நிறுவனர் ராமதாஸ் பக்கம், மேட்டூர் எம்.எல்.ஏ. சதாசிவம் நின்றது ராமதாஸின் மகன் அன்புமணி பக்கம். அருளை நீக்கியதாக அன்புமணி தரப்பு அறிவித்தது, அந்த நீக்கம் செல்லாது என்றது ராமதாஸ் தரப்பு. 'கட்சி எது' என்பதே தகராறாக இருக்கும்போது 'யார் தாவினார்' என்று சொல்வது லேசல்ல.

மொத்தமாகப் போனால் தப்பிக்கலாமாமே?

சட்டமன்றக் கட்சியில் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் ஒப்பி வேறு கட்சியோடு இணைந்தால் தகுதி நீக்கம் இல்லை. முன்பு மூன்றில் ஒரு பங்கு பிரிந்தாலே போதும் என்று இருந்தது. 2003-ல் 91-ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டது. சில்லறையாகத் தாவினால் தப்பு, மொத்த வியாபாரம் என்றால் சரி என்று லீ பஜார்க்காரர் ஒருவர் சொன்னார். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

ராஜினாமா கடிதம் கொடுத்த நிமிடமே பதவி போய்விடுமா?

பேரவைத் தலைவர் ஏற்க வேண்டும். மிரட்டியோ ஆசை காட்டியோ எழுதி வாங்கியது என்று அவருக்குத் தோன்றினால் மறுக்கலாம். 1974-ல் 33-ஆவது திருத்தம் கொடுத்த அதிகாரம் இது. ஏற்றுக்கொண்டால் அந்த நாளே தொகுதி காலி.

கடிதம் கொடுத்துவிட்டால் கட்சித் தாவல் புகாரிலிருந்து தப்பிவிடலாம் என்ற எண்ணமும் முழுக்கச் சரியல்ல. 2019-ல் கர்நாடக எம்.எல்.ஏ.க்கள் 17 பேர் வழக்கில், தாவிய செயல் முன்பே நடந்திருந்தால் பின்னால் கொடுத்த ராஜினாமா அதைத் துடைக்காது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் சட்டமன்றக் காலம் முடியும்வரை தேர்தலில் நிற்கவே கூடாது என்று பேரவைத் தலைவர் போட்ட தடையை ரத்து செய்தது. நின்று ஜெயித்துத் திரும்பி வரலாம். தகுதி நீக்கப்பட்டவர் மறுபடி ஜெயிக்கும்வரை அமைச்சராக முடியாது, அவ்வளவுதான்.

பேரவைத் தலைவர் புகாரைக் கிடப்பில் போட்டால்? மூன்று மாதத்துக்குள் முடிவெடுப்பதே முறை என்று 2020-ல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜூலையில் தெலங்கானா எம்.எல்.ஏ.க்கள் வழக்கில் மறுபடி மூன்று மாதக் கெடு. இரண்டாவது முறை சொல்ல வேண்டி வந்ததிலிருந்தே முதல் முறை எவ்வளவு பேர் கேட்டார்கள் என்று தெரியும்.

ஒருவர் விலகினால் ஆட்சிக்கு ஆபத்து உண்டா?

ஒருவரால் ஆகாது, கணக்கு நெருக்கமாக இருந்தால் தவிர. ராஜினாமா எதிரணிக்கு ஓட்டைக் கூட்டாது, மொத்த எண்ணிக்கையைத்தான் குறைக்கும். தமிழ்நாட்டில் 234 இடம், பெரும்பான்மைக்கு 118. ஏற்கெனவே ஓர் இடம் காலியாக இருக்க, தகுதி நீக்கத்தில் அந்த 18 பேர் வெளியே போனதும் சபை 215 ஆனது, 108 இருந்தால் போதும் என்று வந்தது. 2017-ல் ஆட்சியைத் தாங்கியதில் இந்தக் கழித்தல் கணக்குக்கும் பங்கு உண்டு. தகுதி நீக்கத்தால் ஆட்சிக்குக் கேடு வராது, சில நேரம் மூச்சு விட இடமே கிடைக்கும்.

இதன் மறுபக்கம் புதுச்சேரி. 2021 ஜனவரி கடைசியிலிருந்து நான்கு வாரத்துக்குள் காங்கிரஸ், தி.மு.க. உறுப்பினர்கள் ஆறு பேர் ஒருவர் பின் ஒருவராக எம்.எல்.ஏ. பதவியை விட்டார்கள். நாராயணசாமி அரசு பிப்ரவரி 22-ல் பெரும்பான்மை இல்லாமல் விலகியது. யாரும் எதிர்த்து வாக்களிக்கவில்லை, இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்சிக் கொறடா போடும் உத்தரவை மீறவில்லை. வெறுமனே எழுந்து போனார்கள், பெஞ்சு சாய்ந்தது. 1985 சட்டம் போட்டவர்கள் தாவுவதைத் தடுக்கத்தான் யோசித்தார்கள், இப்படி எழுந்து போவதை யோசிக்கவில்லை. மத்தியப் பிரதேசத்தில் 2020 மார்ச்சில் கமல்நாத் அரசு விழுந்ததும் இதே வழியில்.

இன்னொரு இடத்தில் ஒற்றை ஓட்டுக்கும் விலை உண்டு: மாநிலங்களவைத் தேர்தல். தமிழ்நாட்டில் ஆறு இடத்துக்குத் தேர்தல் என்றால் ஓர் உறுப்பினரை அனுப்ப 34 எம்.எல்.ஏ. ஓட்டு வேண்டும். 34-ஐ எட்டிப் பிடிக்கும் நிலையிலுள்ள கட்சிக்கு ஓர் எம்.எல்.ஏ. போவது சட்டைப் பொத்தான் போவது மாதிரி இல்லை, இடுப்பு வேட்டியே போவது மாதிரி.

இடைத்தேர்தல் எப்போது வரும்?

காலியான ஆறு மாதத்துக்குள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 151-ஏ பிரிவு. ஆனால் சபையின் மிச்சக் காலம் ஓராண்டுக்குக் குறைவாக இருந்தால் நடத்தத் தேவையில்லை. கோபிசெட்டிபாளையத்துக்கு இடைத்தேர்தல் வராததற்குக் காரணம் இதுதான்; 2021-ல் அமைந்த சபைக்கு அப்போது மிச்சம் ஆறு மாதம் கூட இல்லை. ராஜினாமாக்கள் ஐந்தாவது வருடத்தில் ஏன் குவிகின்றன என்பதற்கும் பாதி விடை இங்கே கிடைக்கும். இரண்டாம் வருடத்தில் விலகினால் இடைத்தேர்தலைச் சந்திக்க வேண்டும். கடைசி வருடத்தில் இழப்பது சில மாதச் சம்பளம்தான்.

சேலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு நடைமுறைச் சங்கதி. இடைத்தேர்தல் நடத்தை விதி, மாநகராட்சிக்குள் அடங்கும் தொகுதி என்றால் வழக்கமாக அந்தத் தொகுதியோடு நிற்கும். மற்ற தொகுதி என்றால் மாவட்டம் முழுக்க. சேலம் வடக்கு காலியானால் ஆத்தூரில் பூமி பூஜை நடக்கலாம். ஏற்காடு காலியானால் ஓமலூர் வரை புது அறிவிப்புகள் நிற்கும். 2013 டிசம்பர் 4 ஏற்காடு இடைத்தேர்தலைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. அது தாவலால் வந்ததல்ல, எம்.எல்.ஏ. பெருமாள் இறந்ததால் வந்தது; அவர் மனைவி சரோஜா 78 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தமிழ்நாட்டில் 'நோட்டா' பொத்தான் முதலில் வந்த தேர்தலும் அதுவே. இருபது கொண்டை ஊசி வளைவிலும் அந்த மாதம் கட்சிக் கார்கள் ஏறிய மாதிரி சுற்றுலா சீசனில் கூட ஏறியதில்லை. வளைவுக்கு வளைவு நின்று வழிவிட்டே டிரைவர்கள் அலுத்துப்போனார்கள்.

கட்சி மாறியவரை மக்கள் மறுபடி தேர்ந்தெடுக்கிறார்களா?

ஒரே பதில் கிடையாது. நான் பார்த்தவரை மூன்று விதமாகவும் நடக்கிறது.

விளவங்கோட்டில் மூன்று முறை காங்கிரசில் வென்ற விஜயதரணி 2024 பிப்ரவரியில் பா.ஜ.க.வில் சேர்ந்து எம்.எல்.ஏ. பதவியை விட்டார். ஏப்ரல் 19-ல் மக்களவைத் தேர்தலோடு சேர்த்தே இடைத்தேர்தல். அவர் நிற்கவில்லை, காங்கிரஸ் வேட்பாளர் தாரகை கத்பர்ட் வென்றார். அங்கே ஓட்டு கட்சிக்குரியது, ஆளுக்குரியதல்ல.

கரூர்ப் பக்கம் நேர் எதிர். அரவக்குறிச்சியில் 2016-ல் இரட்டை இலையில் வென்ற செந்தில்பாலாஜி, தகுதி நீக்கப்பட்ட 18 பேரில் ஒருவர். 2018 டிசம்பரில் தி.மு.க.வில் சேர்ந்தார், 2019 மே இடைத்தேர்தலில் அதே தொகுதியில் உதயசூரியனில் வென்றார். ஆனால் அதே 2019-ல் பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் இரண்டையும் அ.தி.மு.க. தக்கவைத்தது. அந்த ஆண்டு நடந்த 22 இடைத்தேர்தலில் தி.மு.க. 13, அ.தி.மு.க. 9. எண்ணிக்கையில் ஆளுங்கட்சி தோற்றது. ஆனால் ஆட்சிக்குத் தேவையான அளவு ஜெயித்துவிட்டது.

மூன்றாவது விதம் சேலத்துக்கே உரியது: மெதுவாக மாறி, நிதானமாகத் திரும்பி வருவது. செல்வகணபதி 1999-ல் அ.தி.மு.க. சார்பில் சேலம் மக்களவைத் தொகுதியில் வென்றவர். 2024-ல் அதே தொகுதியில் தி.மு.க. சார்பில் வென்றார். இடையில் இருபத்தைந்து ஆண்டு. அவருக்கு முன் 1998-ல் இங்கே வென்ற வாழப்பாடி ராமமூர்த்தி, 1991-ல் காவிரிப் பிரச்சினையில் மத்திய இணை அமைச்சர் பதவியை விட்டவர். பின்னர் காங்கிரசிலிருந்து பிரிந்து ராஜீவ் காங்கிரஸ் கண்டு, வாஜ்பாய் அமைச்சரவையில் பெட்ரோலிய அமைச்சரானார். கட்சி மாறியதற்காக மட்டும் சேலத்துக்காரர் ஒருவரைத் தோற்கடித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. மாறிய பிறகு வீட்டுக் கல்யாணத்துக்கு வராமல் போனதற்காகக் கோபப்பட்டவர்கள் நிறைய.

கூட்டணிக் கட்சிக்காரர் பெரிய கட்சிச் சின்னத்தில் நின்று ஜெயித்தால் அவர் எந்தக் கட்சி?

சட்டத்தின் கண்ணில் சின்னம் கொடுத்த கட்சி. பக்கத்துத் திருச்செங்கோட்டில் 2021-ல் கொ.ம.தே.க. ஈஸ்வரன் உதயசூரியனில் வென்றார். அந்தச் சபைக் கணக்கில் தி.மு.க. உறுப்பினர். கூட்டணி முறிந்தாலும் இப்படி வென்றவர் இஷ்டத்துக்கு நகர முடியாது. சின்னக் கட்சிகள் தனிச் சின்னத்துக்கு ஏன் அடம் பிடிக்கின்றன என்பது இப்போது புரியும்.

சேலம் மாநகராட்சியில் ஒரு கவுன்சிலர் தாவினால் உண்மையில் என்ன மாறும்?

மன்றத்தில் 60 வார்டு. ஆளும் பக்கம் நிறைய இடம் வைத்திருக்கும்போது ஒருவர் போவதும் வருவதும் தீர்மானங்களை அசைக்காது. மாறுவது வேறு இடத்தில். சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி என நான்கு மண்டலம்; மண்டலத் தலைவர் பதவி, நிலைக்குழு இடம், எந்தத் தெருச் சாக்கடை முதலில் என்ற முன்னுரிமை, இவற்றில்தான் பேரம். எதிர்க்கட்சிக் கவுன்சிலர் ஆளுங்கட்சிக்கு வரும்போது சொல்லும் காரணம் எப்போதும் ஒன்றே: "வார்டு வளர்ச்சிக்காக." வார்டு வளர்ச்சிக்குக் கட்சி மாற வேண்டியிருக்கிறது என்றால், மாறாத கவுன்சிலரின் வார்டு மக்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்க ஆளில்லை.

மேயர் என்றால் கதை வேறு. 2022 பிப்ரவரி 19-ல் ஓட்டுப் போட்டது நாம். மார்ச் 4-ல் மேயரைத் தேர்ந்தெடுத்தது கவுன்சிலர்கள். மறைமுகத் தேர்தல், அதிலும் ரகசிய வாக்கு. 2024 ஜூலையில் கோவை, நெல்லை மேயர்கள் இருவரும் விலகினார்கள். கட்சி மாறி அல்ல, சொந்தக் கட்சிக்குள் இருந்த நெருக்கடியில். ஆகஸ்டில் நெல்லையில் புது மேயர் தேர்தலில் தி.மு.க. அறிவித்த ராமகிருஷ்ணனுக்கு 30 ஓட்டு, அதே கட்சியிலிருந்து எதிர்த்து நின்றவருக்கு 23. தாவாமலேயே தாவ முடியும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. கொறடா இல்லை, தகுதி நீக்கம் இல்லை, யார் போட்டார் என்றும் தெரியாது.

ஏற்காடு மலையில் பஞ்சாயத்துத் தலைவர் கட்சி மாறினால்?

ஊராட்சித் தலைவரும் ஊராட்சி வார்டு உறுப்பினரும் கட்சிச் சின்னத்தில் நிற்பதே இல்லை. 2019 டிசம்பரில் நான்கு நிற வாக்குச்சீட்டு வாங்கியது ஞாபகம் இருக்கும்: வெள்ளையும் இளஞ்சிவப்பும் கட்சி இல்லாதவை, பச்சை ஒன்றியத்துக்கு, மஞ்சள் மாவட்டத்துக்கு, இவை இரண்டும் கட்சிச் சின்னம். தலைவர் எந்த வேட்டி கட்டினாலும் பதவிக்கும் அதற்கும் சட்டத்தில் சம்பந்தம் இல்லை. ஒன்றியக் குழுத் தலைவரோ உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்படுவதால் அங்கே அணி மாறுவது நேரடியாக நாற்காலியை ஆட்டும். அந்தப் பதவிக்காலமெல்லாம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் கைக்கு வந்தது.

மலைக்கென்று ஒரு விசேஷம் உண்டு. ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. பெயர் மலையுடையது, ஓட்டில் பெரும்பகுதி கீழே வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் பக்கம். நிற்கத் தகுதியுள்ளவர்கள் வட்டம் சிறியது, இரண்டு பெரிய கட்சிகளும் அதே வட்டத்தில்தான் ஆள் தேட வேண்டும். அதனால் மலையாளிப் பழங்குடியினர் கிராமம் ஒன்றில் செல்வாக்குள்ள ஒருவர் கட்சி மாறினால், கீழே பத்து கவுன்சிலர் மாறுவதைவிட அதிகம் பேசப்படும். இதுவரை கட்சிக்காரர்கள் அவரைத் தேடி மலையேறி வந்தது ஓட்டுக்காகத்தான். இப்போது வேட்பாளர் ஆக்கவும் வருகிறார்கள். இது என் கணிப்பு, மறுப்பவர்கள் மறுக்கலாம்.

அந்தக் காலத்தில் கொள்கைக்காக விலகினார்களாமே, அது கதையா?

கதையல்ல, அதற்கும் சேலமே சாட்சி. 1917-ல் சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி, 1942 ஜூலையில் முஸ்லிம் லீக் கோரிக்கையை ஏற்றுச் சமரசம் காண வேண்டும் என்ற தன் கருத்தைக் காங்கிரஸ் ஏற்காததால், கட்சியையும் விட்டார், சென்னை சட்டமன்ற இடத்தையும் விட்டார். அப்போது விடச் சொல்லும் சட்டம் எதுவும் கிடையாது. பிறகு காங்கிரசுக்குத் திரும்பினார், 1957-ல் மறுபடி விலகினார், 1959-ல் சுதந்திராக் கட்சி கண்டார். கட்சி மாறாதவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. கட்சியோடு சேர்ந்து கிடைத்த இடத்தை வைத்துக்கொண்டு மாறினார் என்றும் சொல்ல முடியாது.

1944 ஆகஸ்ட் 27 சேலம் மாநாடு இன்னும் சுவையானது. நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய அன்று, அண்ணாதுரை தீர்மானம் என்று பின்னால் பெயர் பெற்ற தீர்மானம் கட்சிக்காரர்களை ராவ் பகதூர், திவான் பகதூர் பட்டங்களை உதறச் சொன்னது, அரசு நியமனத்தில் கிடைத்த கௌரவப் பதவிகளை விடச் சொன்னது. இங்கே கட்சி மாறியவர் பதவியை விடவில்லை. கட்சியே மாறியது, உறுப்பினர்களைப் பதவியை விடச் சொன்னது. ஏற்காதவர்கள் சிலர் பழைய பெயரிலேயே தனியாக நின்றார்கள். ராஜினாமாவுக்கு அரசியல் விளைவு உண்டா என்று கேட்பவர்கள் அதற்குப் பின் இந்த மாநிலத்தை யார் ஆண்டார்கள் என்று பார்த்தால் போதும்.

அரசு ஊழியர் கட்சியில் சேர வேண்டும் என்றால்?

நடத்தை விதிப்படி வேலையில் இருந்துகொண்டு கட்சி உறுப்பினராக முடியாது. விலகியோ விருப்ப ஓய்வு பெற்றோதான் வரவேண்டும்.

"மாற்றுக் கட்சியிலிருந்து 500 பேர் இணைந்தனர்" என்று படம் வருகிறதே, அதற்கு மதிப்பு உண்டா?

படத்தை உற்றுப் பாருங்கள். சென்ற வருடம் எதிர்ப்பக்கத்தில் இணைந்த முகங்கள் சில தெரியும். பெரிய ஆள் ஒருவர் பதவியை விட்டு வரும்போது கூடவே கிளைச் செயலாளர்கள் வந்தார்களா என்பதே உண்மையான அளவு. பூத்தில் உட்காரும் ஆட்கள் அவர்கள்தான். தலைவர் மட்டும் வந்து கிளை வராவிட்டால், வந்தது சால்வை போர்த்த ஒரு தோள்.

எம்.எல்.ஏ. விலகிவிட்டார். நான் அவரிடம் கொடுத்த சாலை மனு என்ன ஆகும்?

இதைத்தான் முதல் கேள்வியாக வைத்திருக்க வேண்டும். அதிகம் பேர் கேட்பது இதுதான். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், வேலையைப் பரிந்துரைக்க வேண்டியவர் எம்.எல்.ஏ. இடம் காலியாக இருக்கும்போது புதிதாகப் பரிந்துரைக்க ஆளில்லை. உங்கள் மனு அவர் பரிந்துரையோடு அதிகாரிகளிடம் போய்விட்டதா, இல்லை அவர் அலுவலக அலமாரியிலேயே கிடக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். அலமாரியில் என்றால் அது அவரோடு புதுக் கட்சி அலுவலகத்துக்குப் போனாலும் போகும், பழைய பேப்பர்க் கடைக்குப் போனாலும் போகும். புதிதாக எழுதி, திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து, எண் போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்காட்டிலிருந்து வருகிறவர்கள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்தால் வரிசையில் முன்னால் நிற்கலாம்.